நாற்பத்தொரு குழிகளும் என் தப்படியும்

கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: உலகத்தில் எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம், நேற்று நாம் அமுக்கிய பொத்தான் எங்கே இருந்தது என்பதுதான் இன்று தெரியாது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றித் திரையைப் பார்த்தவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இருபத்தொன்பது வருடம் போர்வெல் லாரியில் வேலை. குழி போடுகிற ஆள் இல்லை, எழுதுகிற ஆள். எத்தனையாவது அடியில் மண் முடிந்து பாறை வந்தது, எத்தனையாவது அடியில் ஈரம் தட்டியது, எங்கே தண்ணீர், எங்கே வெறும் புழுதி என்று நோட்டில் ஏற்றுவேன். வெளிமாநில வேலைக்கு வேறு ஆள். சேலம், நாமக்கல் பக்கம் போட்டது மட்டும் என் கையெழுத்தில் பதினான்கு நோட்டு, 1,312 குழி. இதனால் கம்பெனியில் எனக்குப் பெயரே ‘கணக்கு’ என்றாகிவிட்டது. முழங்கால் தேய்ந்த பிறகு லாரியிலிருந்து இறக்கி ஆபீசில் உட்காரவைத்தார்கள்.

ஒன்பதாம் நம்பர் கம்ப்யூட்டர்

ஆபீசைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் மருமகள் கவிதா. என் நோட்டுகளை வரைபடமாக மாற்றிவிட்டால், வருகிற விவசாயிக்கு அவர் தோட்டத்தைச் சுற்றி எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது என்று திரையிலேயே காட்டலாம் என்பது அவர் யோசனை. என் கையெழுத்தை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்கு என் கையெழுத்தைப் பழக்குவதா, எனக்குக் கம்ப்யூட்டரைப் பழக்குவதா என்று யோசித்து, இரண்டாவதுதான் சுலபம் என்று முடிவு செய்தார்கள். எனக்கு அப்போது வயது அறுபத்திரண்டு.

சூரமங்கலத்தில் ஒரு கடையின் மாடியில் வகுப்பு. எட்டு சனிக்கிழமை. மல்லசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி, சேலத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துப் போவேன். கம்ப்யூட்டர் ஒன்பது, படிக்க வந்தவர்கள் ஒன்பது. எட்டுப் பேர் கல்லூரி முடித்த பிள்ளைகள். நான் கடைசி மூலையில் ஒன்பதாம் நம்பர். அவர்கள் மதியம் கூட்டமாகக் கீழே இறங்கிச் சாப்பிடப் போவார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். இரண்டு முறை கூப்பிட்டார்கள், இரண்டு முறையும் வேண்டாம் என்றேன். மூன்றாவது முறை வந்திருந்தால் போயிருப்பேன். அதற்குள் அவர்களுக்குப் பழகிவிட்டது.

முதல் நாள் திரையில் சாட்டிலைட் படம் வந்தது. மேலிருந்து பார்த்தால் நம் ஊர் எப்படி இருக்கும் என்று காட்டுகிற படம். மவுஸைப் பிடித்து இழுத்தால் ஊர் நகர்கிறது. நான் இழுத்தேன்; சேலம் முழுக்க ஒரு பக்கமாகச் சரிந்து போனது. கையை எடுத்துவிட்டேன். எத்தனை இஞ்ச் இழுத்தால் எத்தனை மைல் போகும் என்று தெரியாமல் மறுபடி தொட எனக்கு மனம் வரவில்லை. எட்டாம் நம்பரில் இருந்த பெண் சற்று நேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னது:

“தாத்தா, அது படந்தாங்க. நீங்க இழுத்தா ஊரு ஒண்ணும் ஒடஞ்சிறாது.”

பனிக்கடலில் முப்பது குழி

மூன்றாவது சனிக்கிழமை, என் நோட்டிலிருந்து முதல் முப்பது குழிகளை ஏற்றிப் பார்த்தேன். ஒரு இடத்தைச் சொல்ல இரண்டு எண் வேண்டும். ஒன்று வடக்கு தெற்குக்கு, இன்னொன்று கிழக்கு மேற்குக்கு. மல்லசமுத்திரத்துக்கு முதலாவது பதினொன்றும் சொச்சமும், இரண்டாவது எழுபத்தெட்டும் சொச்சமும். நாம் சொல்கிற வழக்கத்தில் வடக்கு தெற்கு முதலில் வரும். மென்பொருள் கேட்பதோ கிழக்கு மேற்கை முதலில். அது எனக்குத் தெரியாது. வழக்கப்படி வரிசையாகக் கொடுத்தேன். முப்பதையும் மூன்று முறை சரிபார்த்தேன். மூன்று முறையும் சரியாக இருந்தது. பொத்தானை அமுக்கினால் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. எங்கே என்று தேடித் தேடி மேலே போனால், வட துருவத்துக்குப் பக்கத்தில் பனிக்கடல் ஓரமாக முப்பதும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

தப்பு நடந்தால் அதையும் எடுத்துவைக்கிற பழக்கம் எனக்கு. அதைத் தாளில் அச்செடுத்துத் திங்கட்கிழமை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். முத்துசாமி வந்திருந்தார். எங்கள் லாரியில் இருபத்திரண்டு வருடம் மிஷின் ஓட்டியவர். இப்போது வேலையில் இல்லை. ஆனாலும் சாயங்காலம் நாலு மணி டீக்கு ஆபீசுக்கு வந்துவிடுவார். தாளை வாங்கி, தூரமாகப் பிடித்து, கிட்டமாகப் பிடித்துப் பார்த்தார்.

“ஐஸ்ல போரு போட்டா ஒரு வசதி இருக்குது கணக்கு. தண்ணி இல்லீன்னு ஒருத்தனும் லாரிய மறிக்க மாட்டான்.”

பத்து வீடு

வகுப்பு எடுத்தவர் ஷர்மிளா மேடம். முப்பது வயதுக்குள் இருக்கும். நல்ல பொறுமை. நான்காவது சனிக்கிழமை ஒரு பயிற்சி கொடுத்தார். உங்களுக்கு வேண்டப்பட்டவர்கள் பத்துப் பேர் வீட்டைப் படத்தில் கண்டுபிடித்துப் புள்ளி வையுங்கள். பிறகு உங்கள் வீட்டிலிருந்து ஒவ்வொன்றும் எத்தனை தூரம் என்று மென்பொருளிடம் கேளுங்கள் என்றார். தூரம் அளக்கக் கற்றுக்கொள்வதற்குத்தான். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் முடித்தார்கள். ஒருவன் பதினேழு வைத்திருந்தான்.

நான் என் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். மல்லசமுத்திரத்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. பிறகு முதலாளி வீடு. பிறகு முத்துசாமி வீடு. பிறகு நான் சாப்பிடுகிற மெஸ். அதை நடத்துகிற அம்மா பின்கட்டிலேயே குடியிருப்பதால் அதுவும் வீடுதான். அதற்கப்புறம் கை நின்றுவிட்டது. என் அக்கா இருந்த வீட்டை வைக்கலாமா என்று யோசித்தேன். அக்கா போய் ஆறு வருடம் ஆகிறது. வீட்டையும் விற்றுவிட்டார்கள். மேடம் ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டு வருவது தெரிந்தது. அவசரத்தில் எதையோ அமுக்கி ஐந்தாவதாக ஒன்றை வைத்தேன். மேடம் குனிந்து பார்த்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

“ஐயா, நீங்க உங்க வீட்டையே ரெண்டு தடவ வெச்சிருக்கீங்க.”

நீலமும் சிவப்பும்

ஒரு விரலால் தட்டி 1,312 குழிகளையும், எந்தத் தோட்டம் என்கிற அளவுக்கு, ஏற்றினேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீதம் நூற்றுப்பத்து நாள். கடைசி நாள் நான்குதான். தண்ணீர் வந்தது 1,026. அவை நீலப் புள்ளி. வராதது 286. அவை சிவப்பு. எல்லாம் ஒன்றாகத் திரையில் தெரிந்த அன்று, இருபத்தொன்பது வருடத்தை ஒரே பார்வையில் பார்த்தேன். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் காட்டியிருப்பேன். மதியம் இரண்டு மணி. ஆபீசில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவிதா வந்து பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார். சிவப்பை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். வாடிக்கையாளர் பயந்துவிடுவார்கள் என்றார். எழுதியதை அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நல்லவேளையாக இந்த மென்பொருளில் எல்லாம் கண்ணாடித் தாளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போலத்தான் இருக்கும். ஒரு தாளை மறைக்கலாம், அழிக்க வேண்டியதில்லை. சிவப்புத் தாளை மறைத்துவைத்தேன். மறுநாளே ஒரு விவசாயி வந்தார். கவிதா பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். எங்கும் நீலம். அவர் தன் ஊரைக் கண்டுபிடித்து, தன் தோட்டத்தைக் கண்டுபிடித்து, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏனுங்க, உங்க மேப்புல ஒரு போருகூட பெயிலு ஆகலீங்களே. அப்ப எங்க தோட்டத்துல ரெண்டு போட்டுக் குடுத்தது யாருங்க?”

நாற்பத்தொன்று

சிவப்புத் தாளை மறைத்தேனே தவிர மறக்கவில்லை. காரணம் இருக்கிறது. குழி போடும்போது மேலே மண் சரியாமல் இருக்க ஒரு குழாயை இறக்குவோம், கேசிங் என்போம். தண்ணீர் வராவிட்டால் சில பேர் அந்தக் குழாயையும் உருவித் தரச் சொல்வார்கள். உருவினால் குழியின் வாய் பத்து இஞ்ச். மழையில் மண் சரிந்து இன்னும் அகலும். ஒரு சாக்கைப் போட்டு, மேலே இரண்டு கூடை மண்ணைத் தள்ளிவிட்டு லாரி கிளம்பிவிடும். சாக்கு எத்தனை நாளைக்கு இருக்கும்? அப்படி உருவியவற்றுக்கு நோட்டில் ஓரமாக ஒரு வட்டம் போடுவேன். எதற்கென்று அப்போது தெரியாது, எழுதுகிற ஆள் என்பதால் போட்டேன். மென்பொருளிடம் கேட்டேன். 286-இல் வட்டம் போட்டவை 41.

லாரியில் இருந்த காலத்திலேயே ஒரு நாள் ஆபீசுக்குப் போன் வந்தது. நாங்கள் போட்ட குழியில் ஆட்டுக்குட்டி விழுந்துவிட்டது. கயிறும் கொக்கியும் கொடுத்து என்னை அனுப்பினார்கள். இடம் எனக்குத்தான் தெரியும். குழிக்குள் நாற்பது அடியில் சத்தம் கேட்டது. கொக்கியை இறக்கினால் மண் சரிகிறது; எடுத்துவிட்டால் குட்டி கத்துகிறது. மறுநாள் மதியம் வரைக்கும் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. ஆட்டுக்காரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ. குழியைப் பார்த்தபடியே சொன்னார்கள்:

“ஒரு கல்லு வெச்சிருந்தாப் போதுமுங்களே சாமி.”

அந்தக் குழி ஒன்றுதான் மூடியது எனக்கு உறுதியாகத் தெரியும். அதற்கு வட்டத்தை அடித்துவிட்டேன். 41 என்பது அது போக. ஆட்டுக்குட்டிக்குப் பதில் குழந்தை என்று நான் நினைத்துப் பார்க்காத நாள் இல்லை. இத்தனை நாள் அவை எங்கே எங்கே என்று கோக்க வழியில்லாமல் பதினான்கு நோட்டில் சிதறிக் கிடந்தன. இப்போது வழி கிடைத்துவிட்டது. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கவிதாவிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்றால் சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் வேறு வேலை கிடையாது.

காணாமல் போன குழிகள்

நோட்டில் நான் இடத்தைக் குறித்த விதம் இப்படி: ‘கிணற்றுப் படியிலிருந்து கிழக்கே 64 தப்படி.’ தப்படி என்றால் ஓர் எட்டு வைக்கிற தூரம். டேப்பு வைத்து அளக்க யாரும் காத்திருக்க மாட்டார்கள். லாரி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். நான் நடந்து எண்ணி எழுதிவிடுவேன். என் எண்ணிக்கை தப்பாது.

ஆகவே ஆபீஸ் முற்றத்தில் நூறு தப்படி நடந்தேன். டேப்பால் அளந்து வகுத்தேன். ஒரு தப்படி இரண்டடி ஒரு இஞ்ச். அந்தக் கணக்கில் போக வேண்டிய குழிகளுக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, கடப்பாரையை ஒரு கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மூன்று ஞாயிறு, ஆறு இடம். கிடைத்தது ஒன்று. அதுவும் கிணற்றிலிருந்து ஒன்பதே தப்படியில் இருந்தது. மற்ற ஐந்திலும் புள்ளி காட்டிய இடத்தில் கடப்பாரையைக் குத்தினால் கெட்டி மண். சுற்றிச் சுற்றிக் குத்தினேன். இருபது அடி சுற்றுவட்டத்திலும் கெட்டி மண்தான். எண்ணிக்கை தப்பென்றால், இருபத்தொன்பது வருடமும் தப்பு. ஆறாவது இடத்தில் வரப்பில் உட்கார்ந்து என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த காட்டுக்காரர் (எங்கள் பக்கம் நிலத்தைக் காடு என்போம்) கடைசியில் கேட்டுவிட்டார்:

“ஏனுங்க பெரியவரே, எதையாச்சும் தொலச்சுட்டீங்களா, இல்ல பொதச்சு வெச்சுட்டுப் போனீங்களா?”

வகுத்து வந்த விடை

இரண்டு வாரம் நோட்டையே தொடவில்லை. மூன்றாவது வாரம், தண்ணீர் வந்த குழிகளை எடுத்துப் பார்த்தேன். அவை எங்கேயும் போகாது. மோட்டார் ரூம் கட்டியிருப்பார்கள், மேலிருந்து எடுத்த படத்திலேயே தெரியும். கிணறும் வட்டமாகத் தெரியும். அப்படி இரண்டும் தெளிவாகத் தெரிகிற இருபத்து மூன்று இடங்களைப் பொறுக்கினேன். கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரத்தை மென்பொருளில் அளந்தேன். ஷர்மிளா மேடம் பத்து வீட்டில் கற்றுக்கொடுத்த அதே பாடம்தான். தூரத்தை என் நோட்டில் இருந்த தப்படியால் வகுத்தேன். இரண்டடி ஒன்பது இஞ்ச். அடுத்ததும் இரண்டடி ஒன்பது. மூன்றாவது இரண்டடி எட்டரை. இருபத்து மூன்றுக்கும் சராசரி போட்டால் இரண்டடி ஒன்பது இஞ்ச்.

எண்ணிக்கை தப்பவில்லை. நடந்த கால் வேறு. முப்பத்தைந்து வயதில் வைத்த எட்டுக்கும் அறுபத்து மூன்றில் வைக்கிற எட்டுக்கும் எட்டு இஞ்ச் வித்தியாசம். அறுபத்து நான்கு தப்படிக்கு நாற்பத்திரண்டு அடி எட்டு இஞ்ச் பிசகும். நான் இத்தனை நாள் தேடியது எல்லாம் குழிக்கு முன்னாலேயே நின்றுகொண்டு. கிழவன் ஆகிவிட்டோம் என்று கண்ணாடி சொல்லும், முழங்கால் சொல்லும். எனக்குச் சொன்னது வகுத்தல் கணக்கு. நாலு மணி டீயில் முத்துசாமியிடம் இதைச் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

“அப்ப காணாமப் போனது குழி இல்ல கணக்கு. உன்ற காலு.”

மூட வந்தவன்

புள்ளிகளைத் திருத்தி வைத்தேன். அதன் பிறகு கடப்பாரை குத்திய இடமெல்லாம் விடை கிடைத்தது. நாற்பது இடம் பார்த்தேன். இருபத்தாறு ஏற்கெனவே மூடியிருந்தது. ஒன்றின்மேல் கோழிப் பண்ணையே கட்டியிருந்தார்கள். பதினான்கு திறந்து கிடந்தது, அல்லது திறந்தது மாதிரி. காட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். சிலர் அன்றைக்கே ஜல்லியும் மண்ணும் கொட்டி நிரப்பிவிடுவார்கள். சிலர் அடுத்த வாரம் என்பார்கள். அடுத்த வாரம் நான் போய் நிற்பேன். என்னிடம் பேச்சு இல்லை. போய் நிற்க மட்டும் தெரியும். நிரப்பி, மேலே ஒரு சாண் கனத்துக்குக் காங்கிரீட் போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே குச்சியால் குழி நம்பரை எழுதிவிட்டு வருவேன்.

முப்பத்து மூன்றாவது இடத்தில் ஒரு வயதான காட்டுக்காரர். அவரும் நானும் சேர்ந்துதான் மண் தள்ளினோம். நான் அரசாங்கத்து ஆள் இல்லை, யாரும் சம்பளம் கொடுத்து அனுப்பவில்லை, ஞாயிறு தவறாமல் இதற்காகவே கிளம்பி வருகிறேன் என்பதெல்லாம் அவருக்குப் பிடிபட நேரம் ஆயிற்று. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து, ஆதரவாகக் கேட்டார்:

“தப்பா நெனைக்காதீங்க. ஊட்ல ஏதாச்சும் சண்டைங்களா?”

கிணறே இல்லாத காடு

நாற்பத்தொன்றாவது மட்டும் நின்றது. நோட்டில் ‘கிணற்றுப் படியிலிருந்து தெற்கே 112 தப்படி, 720 அடி, தண்ணீர் இல்லை’ என்று இருக்கிறது. படத்தில் அந்தக் காட்டில் கிணறே இல்லை. எப்போதோ தூர்த்துச் சமன் செய்துவிட்டார்கள். காட்டுக்காரர் இறந்துபோய், மகன் சென்னையில். போனில் கேட்டால் அவருக்குக் கிணறு இருந்ததே ஞாபகம் இல்லை. கிணறு தெரியாமல் 112 தப்படியை எங்கிருந்து எண்ணுவது? நான்கு மாதம் அந்த ஒரு புள்ளி சரியான இடத்தில் வைக்க முடியாமல் கிடந்தது.

வேறு எதற்கோ ஒன்பதாவது நோட்டைப் புரட்டியபோது அதே காட்டுக்காரர் பெயர் இன்னொரு முறை வந்தது. முதல் குழி பெயிலான பிறகு இரண்டு வருடம் கழித்து இன்னொன்று போட்டிருக்கிறோம். ‘அதே கிணற்றுப் படியிலிருந்து வடக்கே 70 தப்படி, தண்ணீர் உண்டு.’ அந்த மோட்டார் ரூம் படத்தில் இன்றைக்கும் நிற்கிறது. அதிலிருந்து நேர் தெற்கே 70-ம் 112-ம் சேர்த்து 182 தப்படி. பழைய காலால் பெருக்கினால் ஐந்நூறு அடி ஆறு இஞ்ச். மென்பொருளில் கோட்டை இழுத்தேன். கோடு முடிந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு தகரக் கூரை. போன வருடப் படத்தைத் திறந்து பார்த்தேன். அதில் அந்தக் கூரை இல்லை. யாரோ புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள்.

அன்று புதன்கிழமை. கவிதாவிடம் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். காட்டைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கிற குடும்பம். புருஷன் வேலைக்குப் போயிருந்தான். செல்வி என்று ஒரு பெண், இரண்டு குழந்தைகள். பெரியதுக்கு நான்கு வயது இருக்கும். சின்னது இப்போதுதான் நடக்கிறது. மோட்டார் ரூமிலிருந்து நூறடி டேப்பை ஐந்து முறை போட்டு, ஆறு இஞ்ச் தள்ளி நின்றேன். எனக்கு முன்னால் மூன்றடியில் துணி துவைக்கிற கல். அதன் மேல் ஈரத்துணி. கல்லின் அடியில் சின்னது உட்கார்ந்து ஒரு டப்பாவால் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தது. ஊற்றிய தண்ணீர் தேங்காமல் அப்படியே இறங்கியது. செல்வி அதைப் பெருமையாகச் சொல்லிற்று. எத்தனை குடம் கொட்டினாலும் அந்த இடத்தில் சேறே ஆகாதாம். அதனால்தான் கல்லை அங்கே போட்டதாம்.

குழந்தையைத் தூக்கு என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தூக்கிக்கொண்டது. கடப்பாரையால் கல்லை நெம்பித் தள்ளினேன். அடியில் மண் ஓட்டை போட்ட சட்டி மாதிரி பள்ளமாக இருந்தது. ஒரு குத்துத்தான் குத்தினேன். மக்கிப்போன சாக்கோடு சேர்ந்து எல்லாம் உள்ளே போனது. பத்து இஞ்ச் இல்லை, ஒன்றரை அடி வாய். ஒரு கூழாங்கல்லைப் போட்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழில் சத்தம் கேட்டது. செல்வி குழந்தையை இறுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டது. பெரியதையும் கையை நீட்டி இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தது.

ஒன்றே முக்கால் யூனிட் ஜல்லியும் மண்ணும் பிடித்தது. சென்னைக்காரர் போனிலேயே லாரிக்குச் சொல்லிவிட்டார். செல்வியின் புருஷனும் வந்து சேர, மதியம் மூன்றுக்கெல்லாம் காங்கிரீட் போட்டாயிற்று. வழக்கம்போல நம்பரை எழுதினேன். கை கழுவியதும் சோறு போட்டார்கள். தக்காளிச் சோறு. எல்லாரும் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டோம். செல்வி என் வீட்டைப் பற்றி விசாரித்தது. எத்தனை பேர் என்றது. ஒன்று என்றேன். நான் கடப்பாரையைக் கோணியில் சுற்றிக்கொண்டு கிளம்பும்போது, சிமெண்டைக் காட்டிச் சொன்னது:

“ஞாயித்துக்கிழம வந்து இது காஞ்சுதான்னு பாத்துட்டுப் போங்க. சோத்த ஒரு ஆளுக்குச் சேத்தே ஆக்கறேன்.”

போனேன், காய்ந்திருந்தது, ஆக, ஷர்மிளா மேடம் கொடுத்த பத்து வீட்டுப் பயிற்சியில், என் வீட்டைக் கழித்தால், செல்வி வீட்டோடு இப்போது நான்கு வீடு இருக்கிறது, அந்தப் பயிற்சிக்குப் பிறகு இருபது மாதத்தில் ஒன்று கூடியிருக்கிற இதே வேகத்தில் போனால் எழுபத்து நான்காவது வயதில் என் பாடம் முடிந்துவிடும்.